காண்டாமிருக வண்டு நீர்வண்ணத்தில்: கறுப்பு ஓட்டின் பளபளப்பை எப்படிக் கொண்டுவருவது?

கொத்தமங்கலம் தூரிகை

தென்னந்தோப்பில் தொங்கவிட்ட இனக்கவர்ச்சிப் பொறியிலிருந்து நல்ல ஆண் காண்டாமிருக வண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. 44 மி.மீ. நீளம், கொம்பு முழுசாக இருக்கிறது, ஆறு காலும் உண்டு. மேலிருந்து பார்க்கும் நிலையில் மூன்று மடங்கு பெரிதாக்கி நீர்வண்ணத்தில் வரைய வேண்டும். சுவரில் மாட்டும் அலங்காரப் படமாக வேண்டாம். தோப்புக்காரரும் பூச்சியியல் படித்தவரும் பார்த்து "இதுதான் அந்த வண்டு" என்று ஒப்புக்கொள்கிற மாதிரி வர வேண்டும்.

கேட்க நினைப்பவை: கறுப்பை எதிலிருந்து கலப்பது, பளபளப்புக்கு வெள்ளைத் தாளை எப்படி விட்டு வைப்பது, முதுகில் வரிசையாக உள்ள சின்னச் சின்னக் குழிகளை எந்தக் கட்டத்தில் போடுவது. சித்திரை வெயிலில் பூச்சு தாளைத் தொட்டதும் காய்ந்துவிடுகிறதே, அதற்கும் வழி சொல்லுங்கள்.

கொம்பளவு (தேவகோட்டை)

தம்பி, வண்ணத்துக்குப் போகும் முன் வண்டைத் தயார் செய்யுங்கள். விறைத்துப்போன வண்டின் காலை நேராக்கப் போனால் தொடை மூட்டில் ஒடிந்துவிடும்.

மூடி இறுக்கமான டப்பாவில் இரண்டு செ.மீ. உயரத்துக்கு ஈர மணல் போட்டு, அதன் மேல் ஒரு சின்ன மூடியை வைத்து, மூடிக்குள் வண்டை வையுங்கள். மணல் ஈரம் நேரடியாக உடம்பில் படக்கூடாது. பூஞ்சணம் வராமல் இருக்க மணலில் நாலு சொட்டு டெட்டால் விடலாம். ஒன்றிரண்டு நாளில் மூட்டுகள் இளகும். அவசரமென்றால் கொதிக்காத வெந்நீரில் கால் மணி நேரம் போட்டு எடுக்கலாம், ஓடு கெட்டி என்பதால் தாங்கும். இளகியதும் பழைய மென்தூரிகையில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு தொட்டுக் கால் இடுக்குகளைத் துலக்குங்கள். எருக்குழியில் வளர்ந்த பூச்சி, மண்ணும் எருத்தூளும் மூட்டுகளில் ஒட்டியிருக்கும். அதைத் துலக்காமல் வரைந்தால் அழுக்கையும் உறுப்பு என்று நினைத்து வரைந்துவிடுவோம்.

ஊசி குத்துமிடம் வலது முன்னிறக்கையின் (முதுகை மூடும் கெட்டி உறை) மேல் பகுதி. நடுக்கோட்டிலோ, இரண்டு இறக்கையும் மார்பைத் தொடுமிடத்திலுள்ள சிறு முக்கோணத் தட்டிலோ குத்தாதீர்கள். அந்த முக்கோணம் கெடாமல் இருந்தால்தான் நடுக்கோட்டின் தொடக்கம் சரியாக வரும். கால்களைக் குறுக்காக வைத்த ஊசிகளால் அணைத்து, ஒரு வாரம் அசையாமல் காயவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. நாப்தலீன் உருண்டையை தெர்மோகோல் பலகையோடு ஒரே டப்பாவில் வைத்தால் தெர்மோகோல் உருகிச் சுருங்கும். கார்க் அல்லது பாலிஎதிலின் ஃபோம் போடுங்கள். இந்த வண்டின் உடம்பில் கொழுப்பு அதிகம். சில வாரத்தில் எண்ணெய் கசிந்து ஓடு மங்கி, வரைய வேண்டிய பளபளப்பே போய்விடும். அப்படி ஆனால் கண்ணாடி ஜாடியில் அசிட்டோன் ஊற்றி ஒரு நாள் மூழ்கவிட்டு எடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் வேண்டாம்.

எறும்புக்கு எப்போதும்போலத் தண்ணீர்த் தட்டு.

வளவு வெளிச்சம்

வண்டு தயாரானதும் அடுத்தது வெளிச்சம். எனக்கு இதுதான் முக்கியம். கறுப்பு வண்டை வரைகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் அந்த ஓட்டில் தெரியும் வானத்தையும் சன்னலையும் சுவரையும்தான் வரைகிறோம். ஓட்டின் சொந்த நிறம் மிச்சமிருக்கும் இடம் கொஞ்சம்தான்.

நம் வீடுகளில் இதற்கு வாகான இடம் வளவு. நடுவில் திறந்த வானம், சுற்றிலும் தூண் வைத்த தாழ்வாரம். தாழ்வாரத்தின் விளிம்பில் மேசையைப் போட்டு, வானம் வண்டுக்கு இடது மேல் பக்கம் வருமாறு வையுங்கள். இடது மேலிருந்து ஒளி வருவதாக வரைவது அறிவியல் படங்களில் பொதுவான வழக்கம். பார்ப்பவர் கண் எது மேடு, எது பள்ளம் என்று அதை வைத்தே பிரிக்கும்.

"வடக்குச் சன்னல்தான் ஓவியருக்கு" என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்வது நமக்கு வருஷம் முழுக்கப் பொருந்தாது. காரைக்குடி கிட்டத்தட்ட 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயில் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும், வடக்குச் சன்னலில் நேர் வெயிலே விழும். அந்த மாதங்களில் காலை ஏழரையிலிருந்து பத்து வரை வளவு நிழலில் இருக்கும்போது வேலையை வைத்துக்கொள்ளுங்கள்.

சன்னலோரம் உட்கார்ந்தால் கம்பிகள் ஒவ்வொன்றும் முதுகின் பளிச்சில் கறுப்புக் கோடாக விழும். அதையும் அப்படியே வரைந்துவிட்டால் பார்ப்பவர்கள் வண்டின் உடம்பில் உள்ள கோடு என்று எடுத்துக்கொள்வார்கள். சன்னலுக்கும் வண்டுக்கும் நடுவே ஒரு டிரேசிங் தாளை ஒட்டுங்கள், கம்பி மறைந்து ஒரே வெள்ளைப் பட்டையாகும். தரையையும் கவனிக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லின் சிவப்பும் பச்சையும் வண்டின் பக்கவாட்டில் ஏறும், காலின் அடிப்பக்கம் அப்பட்டமாகத் தெரியும். வண்டுக்கு அடியில் வெளிர் சாம்பல் அட்டை ஒன்று போட்டுவிடுங்கள்.

செக்காலைத் தாள்

தாள் பற்றி. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), முழுப் பருத்தி, ஹாட் பிரஸ் (வழவழப்பான தாள்). கோல்ட் பிரஸ் தாளின் சொரசொரப்பும் வண்டின் புள்ளிக்குழியும் ஒரே அளவில் வந்து குழப்பும். மரக்கூழ்த் தாளில் இரண்டு பூச்சு வரை சரி. இந்த வேலைக்கு ஆறு ஏழு பூச்சு வேண்டும், அதற்குள் மேல்தோல் உரிந்து பஞ்சாகிவிடும்.

வாங்கிய தாளை வெறும் அலமாரியில் வைக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் தாளின் பசைக்கட்டு கெட்டுவிடும். கண்டுபிடிக்க, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு குமிழாக நின்றால் நல்ல தாள். உடனே உறிஞ்சித் திட்டாகப் பரவினால் அந்தத் தாளில் மென்மையான பூச்சு வராது, பென்சில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவு போதும்.

தண்ணீரும் முக்கியம். போர் தண்ணீரின் உப்பு சில நிறமிகளைத் திரிதிரியாகப் பிரித்துவிடும். பளபளப்பான பரப்பில் அந்தத் திரி மணல் தூவியதாகத் தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் அரை லிட்டர் வாங்கி வையுங்கள், ஒரு படத்துக்கு அது தாராளம்.

சீக்கிரம் காய்வதற்கு வழி: மின்விசிறியை நிறுத்துங்கள். தாளின் பின்பக்கத்தை ஈரப்பஞ்சால் துடைத்து அக்ரிலிக் பலகையில் ஒட்ட வைத்து வேலை செய்தால், தாளின் அடியில் ஈரம் நிற்பதால் மேல் பூச்சு நின்று காயும். வண்ணத்தில் கிளிசரின் கலப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டு சொட்டு கூடினாலும் பிசுபிசுப்பு போகாது, மழைக்காலத்தில் படத்தின் மேல் வைத்த தாள் ஒட்டிக்கொள்ளும்.

கொத்தமங்கலம் தூரிகை

நன்றி வளவு ஆச்சி, நன்றி அண்ணே. வண்டு மணலில் இருக்கிறது. கோட்டுப்படம் எப்படித் தொடங்குவது? பாதி வரைந்து மடித்து மறுபாதி எடுத்தால் போதுமா?

கொம்பளவு (தேவகோட்டை)

உடம்புக்குப் போதும், கால்களுக்குப் போதாது.

டிவைடரால் அளவெடுங்கள். கொம்பு நுனி முதல் பின்முனை வரை, முன்மார்புத் தட்டின் (தலைக்கும் இறக்கைக்கும் நடுவிலுள்ள ஓடு) மிக அகலமான இடம், இறக்கைகளின் மிக அகலமான இடம், முன்மார்புத் தட்டின் நீளம், இறக்கையின் நீளம். இந்த ஐந்தையும் மூன்றால் பெருக்கி டிரேசிங் தாளில் குறியுங்கள். உங்கள் வண்டுக்கு மொத்த நீளம் 132 மி.மீ. வரும். நடுக்கோடு போட்டு ஒரு பாதியை வரைந்து மடித்துத் தேய்த்தால் மறுபாதி கிடைக்கும். பிறகு வண்டைப் பார்த்து இரண்டு பக்கத்தையும் சரிபாருங்கள். பொறியில் விழுந்த வண்டுக்குக் காலின் முள் ஒரு பக்கம் தேய்ந்திருக்கலாம். தேய்ந்ததைத் தேய்ந்ததாக வரைவதா, மறுபக்கத்தைப் பார்த்து நிறைவாக்குவதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். இனத்தைக் காட்டும் படம் என்றால் நிறைவாக்கலாம்.

தவறவிடக்கூடாதவை:

தலைக்கொம்பு பின்னோக்கி வளையும். நேர் மேலிருந்து பார்த்தால் அது குட்டையாகத் தெரியும், அதனால் ஓரத்தில் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்றைச் சின்னதாகச் சேர்ப்பது நல்லது. ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. ஆனால் குட்டைக் கொம்புள்ள ஆண்களும் உண்டு. பால் அறிய வயிற்றின் பின்முனையைப் பாருங்கள், பெண்ணுக்கு அங்கே செம்பழுப்பு முடிக்கற்றை அடர்த்தியாக இருக்கும்.

முன்மார்புத் தட்டின் முன்பாதி பெரிய பள்ளம். அதன் பின்விளிம்பில் இரண்டு சிறு முகடு. இந்தப் பள்ளம் சரியாக வரவில்லையென்றால் கொம்பு எவ்வளவு நன்றாக வந்தாலும் வண்டு வேறு ஏதோவாகிவிடும்.

உணர்கொம்பின் நுனியில் மூன்று தகடு. பாதம் ஒவ்வொன்றிலும் ஐந்து கணு, நுனியில் இரண்டு நகம். பலரும் நாலு போட்டு முடித்துவிடுகிறார்கள். முன்காலின் வெளிவிளிம்பில் தோண்டுவதற்கான பற்கள் இருக்கும். கற்பனையில் போடாமல் உங்கள் வண்டில் எண்ணிப் போடுங்கள்.

நல்ல தாளுக்கு மாற்றும்போது டிரேசிங் தாளின் பின்பக்கம் 2பி பென்சிலைத் தேய்த்து, முன்பக்கம் 2எச் பென்சிலால் மெல்ல அழுத்துங்கள். கடையில் விற்கும் கார்பன் தாள் வேண்டாம். அதன் மெழுகு ஏறிய இடத்தில் நீர்வண்ணம் பிடிக்காமல் வெள்ளைக் கீறல் நிற்கும்.

வளவு வெளிச்சம்

இனிப் பூச்சு. கோட்டுப்படம் முடிந்ததும் வண்டைப் பார்த்துக்கொண்டே பளிச்சின் எல்லைகளை மிக மெல்லிய கோட்டால் குறியுங்கள். வளைந்த இறக்கையில் வானம் சுருங்கி ஒரு நீளப் பட்டையாக, நடுக்கோட்டுக்கு இணையாக ஓடும். அந்தப் பட்டையின் ஒரு விளிம்பு கத்தி வெட்டினாற்போல் கூர்மை, இன்னொன்று மங்கிக் கரையும். கூர்மையான விளிம்பு எது என்பதை இப்போதே ஒரு சின்னக் குறியால் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். இரண்டு விளிம்பும் கூர்மையானால் வண்டு பிளாஸ்டிக் பொம்மையாகும். இரண்டும் மங்கினால் வெல்வெட்.

கலவையை மூன்று பதத்தில் கரைத்து வைக்கணும்: நீர்மோர், பால், தயிர். ஒவ்வொன்றும் ஒரு தேக்கரண்டி அளவு போதும்.

முதல் பூச்சு வானத்தின் நிறம். செருலியன் நீலமும் துளி நியூட்ரல் டிண்டும் (கருஞ்சாம்பல்) சேர்த்து நீர்மோருக்கும் மெலிசாக, வண்டு முழுவதும். மிகப் பிரகாசமான பளிச்சை மட்டும் வெறும் தாளாக விடுங்கள். தலையில் ஒன்று, முன்மார்பில் ஒன்றிரண்டு, இறக்கை ஒவ்வொன்றிலும் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். மற்ற பளிச்செல்லாம் நீலச் சாம்பல்தான், வெள்ளை இல்லை. பத்து இடத்தில் வெள்ளை விட்டால் எதுவுமே பளிச்சென்று தெரியாது.

இரண்டாவது பூச்சு பழுப்பு. இந்த வண்டு முழுக் கறுப்பு இல்லை. இறக்கையின் வெளி ஓரத்திலும் காலிலும் அடிவயிற்றிலும் செம்பழுப்பு ஊடுருவும். பர்ன்ட் சியன்னாவை நீர்மோர் பதத்தில் அந்த இடங்களில் போட்டு, உள்ளே ஈரத்தூரிகையால் கரைத்துவிடுங்கள்.

மூன்றிலிருந்து ஆறு வரை கறுப்புக் கலவை. ஒவ்வொரு தடவையும் பரப்பை வெறும் தண்ணீரால் நனைத்து, பளபளப்பு மங்கி ஈரம் மட்டும் நிற்கும்போது, பால் பதத்தை மங்கும் விளிம்பின் பக்கமிருந்து உள்ளே விடுங்கள். கூர்மை விளிம்பை மட்டும் காய்ந்த தாளில் தூரிகை நுனியால் வெட்டுங்கள். ஒரு பூச்சு காய்ந்ததா என்று பார்க்கப் புறங்கையைத் தாளுக்கு மேல் வையுங்கள். குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் அடுத்த பூச்சு போட்டால்தான் கலங்கும். கலங்குவதற்கு வண்ணத்தைக் குறை சொல்பவர்கள் அதிகம், முக்கால்வாசி காரணம் இந்தக் காயாத ஈரமே.

பாதி காய்ந்த பூச்சில் நீர் மிகுந்த தூரிகை பட்டால் காலிஃபிளவர் வடிவத்தில் கறை விரியும். அதைத் தேய்க்க வேண்டாம், முழுசாகக் காயவிட்டு அடுத்த பூச்சில் மறைத்துவிடலாம்.

கடைசியில் தயிர்ப் பதம். நடுக்கோடு, முன்மார்புக்கும் இறக்கைக்கும் இடையிலுள்ள இடுக்கு, கொம்பின் அடி, கால் மூட்டுகள். காய்ந்தால் எல்லா அடர்த்தியும் ஒரு படி வெளுக்கும் என்பதால் ஈரத்தில் பார்க்கும்போது கொஞ்சம் அதிகமாகவே தோன்றட்டும்.

செக்காலைத் தாள்

ஆச்சி சொன்ன வரிசை சரி. கறுப்பை எதிலிருந்து கலப்பது என்று தம்பி முதலில் கேட்டதற்குப் பதில் விட்டுப்போனது.

எல்லோரும் கையிலெடுப்பது அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும். பாறைக்கும் மரப்பட்டைக்கும் அருமையான கலவை, வண்டுக்குப் பொருந்தாது. அல்ட்ராமரின் நிறமி தாளின் பள்ளங்களில் மணல்மணலாகப் படியும், மெருகேறிய ஓட்டில் அந்த மணல் தூசியாகத் தெரியும். இன்னொரு குறை, அது எளிதில் கரைந்து எழும். நாலாவது பூச்சு போடும்போது இரண்டாவது கிளம்பி வரும்.

பதிலுக்கு இண்டாந்த்ரோன் நீலம், நிறமிக் குறி பிபி 60. அதோடு பர்ன்ட் அம்பர். முதலில் ஆளுக்குச் சம பங்கு எடுத்துத் தனித் தாளில் பூசிப் பாருங்கள். நீலம் மிஞ்சினால் அம்பரைக் கூட்டுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி வீரியம் வேறுபடும். சிவந்த கறுப்பு வேண்டிய இடத்தில் பெரிலின் மரூன், பிஆர் 179, துளி சேர்க்கலாம். குழாயிலிருந்து வரும் லேம்ப் பிளாக்கை மட்டும் வைத்து முழு வண்டையும் போட்டால் ஒளி போகாத மட்டையான கறுப்பு வரும். அலிசரின் கிரிம்சன், பிஆர் 83, எங்கும் வேண்டாம். வெளிச்சத்தில் வெளிறி, சில வருஷத்தில் வண்டு பச்சையாகத் தெரியும்.

வளவு வெளிச்சம்

ஒரு விஷயம் தம்பி. இண்டாந்த்ரோனும் பெரிலினும் தாளைக் கவ்விப் பிடிக்கும் வண்ணங்கள். பளிச்சு இருக்க வேண்டிய இடத்தில் தவறிப் பட்டால் பிறகு ஈரத்தூரிகையால் ஒற்றி எடுக்க முடியாது. அல்ட்ராமரின் என்றால் எடுக்கலாம். புதிதாக வரைபவருக்கு மணல் படிவதைவிட அதுதானே பெரிய தொல்லை?

செக்காலைத் தாள்

சரியான கேள்வி ஆச்சி. அதனால் கீழ்ப் பூச்சுகளைக் கவ்வும் வண்ணத்திலும், கடைசி இரண்டு பூச்சை எடுக்கக்கூடிய வண்ணத்திலும் போடலாம். அப்போது கீழே உள்ளது அசையாது, மேலே உள்ளதைத் தேவையான இடத்தில் ஒற்றி எடுத்து மெல்லிய இடைப் பளிச்சுகளை உண்டாக்கலாம். கடைசிப் பூச்சுக்கு மட்டும் அல்ட்ராமரின் கலவை என்றால் மணலும் அவ்வளவு தெரியாது, ஏனென்றால் கீழே ஏற்கெனவே கறுப்பு.

வண்ணம் படாமல் தாளை மறைத்து வைக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் பற்றி யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். முழு வெள்ளைப் பளிச்சுக்கு வேண்டாம். அது விடும் விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே கூர்மை. ஆச்சி சொன்ன ஒரு பக்கக் கரைவு வராது. அடிவயிற்று முடிகளுக்கும் காலின் முடிகளுக்கும் மட்டும், பழைய தொட்டு எழுதும் நிப்பால் கோடாக இழுங்கள். வெயிலில் வைத்தோ ஹேர் டிரையர் வைத்தோ காயவைத்தால் லேடெக்ஸ் தாளோடு ஒட்டி, உரிக்கும்போது தாளையும் கூட்டிவரும். போட்ட அன்றே உரித்துவிடுங்கள்.

கொத்தமங்கலம் தூரிகை

இறக்கையில் உள்ள புள்ளிக்குழி, பிறகு முன்மார்பின் பெரிய பள்ளம், இரண்டும் எனக்குப் புடைத்த மாதிரியே தெரிகின்றன. குழி குழியாகத் தெரிய என்ன செய்வது?

கொம்பளவு (தேவகோட்டை)

ஒளி இடது மேலிருந்து வருகிறது. மேடு என்றால் இடது மேல் பக்கம் வெளிச்சம், வலது கீழ் பக்கம் நிழல். குழி என்றால் அப்படியே தலைகீழ்: இடது மேல் சுவர் ஒளிக்கு முதுகு காட்டுவதால் அங்கே நிழல், வலது கீழ் சுவரில் வெளிச்சம். கை பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் வலது கீழே நிழல் போட்டுவிடும், அதனால்தான் குழிகள் கொப்புளங்களாகின்றன.

வளவு வெளிச்சம்

முன்மார்புப் பள்ளத்துக்கும் அதே விதி, கூடுதலாக ஒன்று. புடைத்த பரப்பு வானத்தைச் சுருக்கிக் காட்டும், குழிந்த பரப்பு விரித்துக் காட்டும். ஆகவே இறக்கையில் உள்ள பளிச்சு சிறிதும் கூர்மையுமாக இருக்க, பள்ளத்துக்குள் உள்ள பளிச்சு அகலமாக, மங்கலாக, பள்ளத்தின் வலது கீழ்ப் பக்கம் விழும். அங்கே வெறும் தாளை விடாமல் நீலச் சாம்பல் பூச்சோடு நிறுத்துங்கள். பள்ளத்தின் பின்விளிம்பில் உள்ள இரண்டு முகட்டுக்கும் ஆளுக்கொரு கூரிய வெள்ளைப் புள்ளி கொடுத்தால் உயர வித்தியாசம் உடனே தெரியும்.

புள்ளிக்குழிகள் ஐந்தாவது பூச்சுக்குப் பிறகு. பூஜ்ய எண் தூரிகை, நல்ல நுனி, பால் பதத்துக்கும் தயிர்ப் பதத்துக்கும் நடுவில். ஒவ்வொரு குழிக்கும் முழு வட்டம் வேண்டாம், இடது மேல் பக்கம் ஒரு சின்னப் பிறை மட்டும். பளிச்சின் வழியாகப் போகும் குழிகளைத் தெளிவாகப் போடுங்கள். பளிச்சு அந்த இடத்தில் சிதறித் துண்டு துண்டாகும், ஓட்டின் தன்மை அங்கேதான் தெரியும். இருட்டுப் பகுதியில் போகப் போகக் குறைத்து, ஓரத்துக்கு வரும்போது விட்டுவிடுங்கள். எல்லா இடத்திலும் சம அழுத்தத்தில் போட்டால் முதுகு வளைவு இழந்து தட்டையாகும். வரிசை வளைவோடு போக வேண்டும். நடுக்கோட்டை ஒட்டிய வரிசை கிட்டத்தட்ட நேர், வெளிப்பக்கம் போகப் போக வளையும், வரிசைகளின் இடைவெளி நெருங்கும்.

பள்ளத்தூர் பச்சை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். இதே முறையில் பொன்வண்டு வரைய முடியுமா? கருவேல மரத்தடியில் இறந்து கிடந்த ஒன்றின் இறக்கை உறைகள் கிடைத்தன. எந்தப் பச்சையைப் போட்டாலும் அந்த மின்னல் வரவில்லை. மினுமினுப்பு கலந்த வண்ணம் வாங்கலாமா?

கொம்பளவு (தேவகோட்டை)

பொன்வண்டின் பச்சையில் பச்சை நிறமி இல்லை. ஓட்டின் மேற்புறத்தில் மிக மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று சேர்ந்து பச்சையை மட்டும் வலுவாக்கி அனுப்புகிறது. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் துணியில் தைத்த இறக்கை உறைகள் இன்றைக்கும் அருங்காட்சியகங்களில் மின்னுகின்றன, வெளிறுவதற்கு அங்கே சாயமே இல்லை. இன்னொரு விளைவு: நேராகப் பார்க்கும் இடத்தில் ஒரு நிறம், சாய்வாகப் பார்க்கும் இடத்தில் அதைவிட நீலம். உறையைக் கையில் வைத்து மெல்லச் சாய்த்தால் கண்ணுக்கே தெரியும்.

வளவு வெளிச்சம்

பூச்சுக்கு அதுவே வழி சொல்லிவிடுகிறது. கண்ணுக்கு நேராக இருக்கும் பகுதியில் தாலோ கிரீனோடு நிக்கல் அசோ மஞ்சள், பிஒய் 150. வளைந்து விலகும் ஓரங்களில் தாலோ கிரீனோடு தாலோ நீலம். இரண்டும் சந்திக்கும் இடத்தை ஈரத்தில் கலக்கவிடுங்கள், தூரிகையால் கிளறாதீர்கள். அதற்கு மேல் நிழலுக்குக் கறுப்பு சேர்க்கக்கூடாது, பச்சை செத்துவிடும். பெரிலின் கிரீன் என்று விற்கும் பிபிகே 31 கிட்டத்தட்ட கறுப்பான பச்சை, நிழலுக்கு அது போதும்.

மினுமினுப்பு வண்ணம் வாங்க வேண்டாம். மைக்கா தூள் தாளின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மின்னும், வண்டின் வளைவைப் பின்பற்றாது. ஸ்கேன் எடுத்தால் சாம்பல் திட்டாகிவிடும். மின்னல் தெரிய வேண்டுமென்றால் மிகச் செறிவான பச்சையை மிக ஆழமான இருட்டுக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். மாற்றம் எவ்வளவு குறுகிய இடத்தில் நடக்கிறதோ அவ்வளவு உலோகத்தன்மை வரும். காண்டாமிருக வண்டிலும் பளபளப்பு இப்படித்தான் பிறக்கிறது. அங்கே நிறம் மாறாமல் அடர்த்தி மட்டும் மாறும்.

பள்ளத்தூர் பச்சை

தெளிவாயிற்று ஆச்சி. வெளிநாட்டு ஹெர்குலிஸ் வண்டையும் படம் பார்த்து வரைய ஆசை. ஒரு படத்தில் இறக்கை மஞ்சள், இன்னொன்றில் முழுக் கறுப்பு. எது சரி?

கொம்பளவு (தேவகோட்டை)

இரண்டும் சரி. தென் அமெரிக்கா, நடு அமெரிக்காவைச் சேர்ந்த அந்த வண்டின் இறக்கை உறை வறண்டிருக்கும்போது பச்சை கலந்த மஞ்சளாகவும், ஈரம் ஏறினால் கறுப்பாகவும் மாறும். ஓட்டுக்குள் இருக்கும் நுண்துளைப் படலம் தண்ணீரை உறிஞ்சுவதே காரணம். ஒரே படத்தில் மஞ்சள் இறக்கையும் நனைந்த இலையும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்க முடியாத வண்டை வரையும்போது ஒரே புகைப்படத்தை நம்பக்கூடாது. புகைப்பட விளக்கின் வட்டப் பளிச்சும், லென்ஸ் வளைத்த அளவும் அப்படியே உங்கள் படத்தில் ஏறும். தோப்பில் கிடைக்கும் வண்டை முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.

கொத்தமங்கலம் தூரிகை

ஆறு பூச்சும் முடிந்து நிற்கிறது, பளிச்சு நன்றாக வந்திருக்கிறது. முடி, நிழல் இரண்டும் மிச்சம். வெள்ளை கவாஷ் (அடியை மறைக்கும் கெட்டி நீர்வண்ணம்) தொடலாமா?

செக்காலைத் தாள்

பளிச்சில் தொடாதீர்கள். கவாஷின் வெள்ளை சுண்ணாம்புத் தன்மை உள்ளது, தாளின் வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் மந்தமாகத் தெரியும். முடிக்குத் தொடலாம். காலோரத்து முடி செம்பழுப்பு என்பதால் வெள்ளையில் பர்ன்ட் சியன்னா கலந்து, அடியிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பில், நுனியில் அழுத்தத்தை விட்டுவிடுங்கள். முடி கூட்டம் கூட்டமாகத்தான் சாயும். சீப்பு வாரிய வரிசை வேண்டாம்.

ஆழ்ந்த கறுப்பில் ஈரத்தின் செழுமை வேண்டுமென்றால் கடைசியாக இருண்ட இடங்களில் மட்டும் கம் அரபிக் பிசினை ஒரு பங்குக்கு எட்டுப் பங்கு தண்ணீர் சேர்த்து மெலிசாகப் பூசலாம். கெட்டியாகப் பூசினால் மழை முடிந்து வெயில் வரும்போது வெடிப்பு விழும்.

வளவு வெளிச்சம்

நிழலுக்கு ஒரு சொல். ஆல்பிரெஷ்ட் ட்யூரர் 1505-இல் வரைந்த மான்கொம்பு வண்டு இப்போது லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் படம் கிடைத்தால் கால்களின் நிழலை மட்டும் பாருங்கள். வண்டு தாளின் மேல் எழுந்து நிற்பதாகத் தெரிவது அந்த நிழலால்தான். பாதம் தாளைத் தொடும் இடத்தில் நிழல் ஒட்டியும் கூர்மையாகவும், தொடை உயரும் இடத்தில் விலகியும் மங்கலாகவும் இருக்கும். உடம்பின் நிழல் கால் நிழலைவிட வெளிர் விளிம்போடு போகும்.

நிழலின் நிறம் கறுப்பு வேண்டாம். கோபால்ட் நீலமும் பர்ன்ட் சியன்னாவும், நீர்மோர் பதம், ஒரே பூச்சு. இரண்டாவது பூச்சு போட்டால் நிழல் கெட்டிப்பட்டு வண்டோடு ஒட்டிக்கொள்ளும். பூச்சியியலாருக்கு மட்டும் போகிற படம் என்றால் நிழலே இல்லாமல் விடுவதும் வழக்கம்தான், காலின் முள்ளும் நிழலும் குழம்பாது.

கொம்பளவு (தேவகோட்டை)

"மூன்று மடங்கு" என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். பக்கத்தில் அளவுகோடு ஒன்று போடுங்கள், உங்கள் படத்தில் 30 மி.மீ. நீளக் கோட்டின் மேல் "10 மி.மீ." என்று எழுத வேண்டும். படத்தை யாராவது சுருக்கியோ பெருக்கியோ அச்சிட்டால் "மூன்று மடங்கு" பொய்யாகிவிடும், கோடு சேர்ந்தே சுருங்குவதால் பொய்யாகாது. அடியில் வண்டின் அறிவியல் பெயர் ஒரிக்டஸ் ரைனோசெரஸ், ஆண், பிடித்த ஊர், தேதி, பொறியில் விழுந்ததா விளக்குக்கு வந்ததா என்ற குறிப்பு. வண்டின் ஊசியிலும் அதே குறிப்பைச் சின்னச் சீட்டாகக் கோத்துவிடுங்கள். எந்த வண்டைப் பார்த்து வரைந்தது என்ற சந்தேகம் பிறகு வந்தால் எடுத்து ஒப்பிடலாம்.

செக்காலைத் தாள்

சட்டம் போடும்போது கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை இடைவெளி கட்டாயம். பின்னால் அமிலமில்லாத அட்டை. வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டுங்கள். வெளிச்சுவர் ஐப்பசியில் ஊறும், ஹாட் பிரஸ் தாளில் பழுப்புப் புள்ளியாகப் பூஞ்சை இறங்கினால் எடுக்க வழியில்லை. ஸ்கேன் எடுப்பதானால் கம் அரபிக் பூசும் முன்பே எடுத்துவிடுங்கள், பூசிய பிறகு கறுப்பில் விளக்கின் வெள்ளை ஏறும்.